கண்டி றக்பி: ட்ரையைத் தடுத்தவர்களின் கதை

1906 ஆகஸ்டில் கண்டி போகம்பரை மைதானத்தில் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் றக்பி ஆடின. இலங்கையில் இரண்டு பாடசாலைகள் எதிரெதிராக ஆடிய முதல் றக்பிப் போட்டி அதுதான். முடிவு 6–6. கண்டியில் றக்பி பேசுகிற பழையவர்கள் இந்த எண்ணை யோசிக்காமலே சொல்வார்கள்.

இரண்டு அணியும் ஆறு ஆறு புள்ளியோடு நின்றன என்றால், இரண்டு பக்கமும் யாரோ சில பையன்கள் அதற்கு மேல் ஒரு புள்ளியும் போகவிடாமல் தடுத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. றக்பியின் கணக்கேடு அப்படித்தான் எழுதப்பட்டு வந்திருக்கிறது. ட்ரை வைத்தவர் பெயர் பதியும், கோல் உதைத்தவர் பெயர் பதியும். எல்லைக்கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் எதிராளியின் கணுக்காலைப் பிடித்து விழுத்தியவரை அன்று மாலையே ஊர் மறந்துவிடும். கண்டியின் 130 ஆண்டுக்கு மேற்பட்ட றக்பி வரலாற்றைத் தடுப்பாட்டத்தின் பக்கம் நின்று பார்த்தால் கிடைப்பது வேறொரு வரலாறு: வரிசைகள் எங்கே உடைந்தன, ஏன் உடைந்தன, உடையாமல் நிற்பதை யாரிடம் கற்றன என்பது.

இந்த விளையாட்டைக் கண்டிப் பாடசாலைக்குள் கொண்டுவந்தவர் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ். திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, லாகூரில் படிப்பித்துவிட்டு ஊர் திரும்பியவர். 1891 மே மாதம் பவிலியன் வீதியில் 11 மாணவர்களோடு ஒரு பாடசாலையைத் தொடங்கினார். பிற்காலத்தில் அதுவே கிங்ஸ்வூட் ஆனது. றக்பியும் அதே ஆண்டில் அங்கே தொடங்கியது. திறந்த நாளில் இருந்த பிள்ளைகளைக் கொண்டு ஓர் அணிகூட நிரப்ப முடியாது. ஆனாலும் பிளேஸ் விடவில்லை. அவர் தமது பாடசாலைக்கு எதிராக ஆட இன்னொரு பாடசாலை வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1904இல் திரித்துவக் கல்லூரிக்கு அதிபராக வந்த ஏ. ஜி. ஃப்ரேசரின் காலத்தில்தான் அங்கேயும் றக்பி தொடங்கியது. சமதரை கிடைப்பது அரிதான நகரத்தில், அஸ்கிரிய மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி, 1915இல் திறக்கப்பட்ட ஒரு மைதானத்தையே உருவாக்கியவர் ஃப்ரேசர். விளையாட்டைக் கல்வியின் பாதியாக எண்ணிய அதிபர்களின் காலம் அது.

அன்றைய தடுப்பாட்டம் இன்றைய கண்ணுக்கு அடையாளமே தெரியாது. ட்ரை ஒன்றுக்கு 3 புள்ளிதான். முன்வரிசைக்காரர்கள் பந்தைக் காலால் தட்டித் தட்டி ஒரு கூட்டமாக ஓடி வருவார்கள். அதை நிறுத்த ஒரே வழி, ஓடிவரும் சப்பாத்துகளுக்கு முன்னால் பாய்ந்து பந்தின் மேல் விழுவது. விழுந்தவன் பந்தோடு எழுந்துவிட்டால் வீரன், எழாவிட்டால் மைதானத்துக்கு வெளியே தூக்கிச் செல்வார்கள். பின்வரிசையில் ஒவ்வொருவனுக்கும் ஓர் ஆள் ஒதுக்கப்பட்டிருக்கும். தன் ஆளைத் தான் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. தன் ஆளை விட்டவன் பழியைச் சுமந்தான். ஆக, தடுப்பு என்பது பதினைந்து தனி ஆட்களின் நெஞ்சுரமாகத்தான் இருந்தது. பதினைந்து பேரும் ஒரே வரிசையாக யோசிப்பது என்ற எண்ணம் பிறக்க வெகுகாலம் இருந்தது.

அந்த ஆட்டத்துக்குக் கண்டியின் வானமும் துணைபோனது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான் இங்கே றக்பி சூடுபிடிக்கும். ஜூன், ஜூலையில் மலைநாட்டு மைதானம் சேறாகிவிடும். தோல் பந்து தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். கை மாற்றி ஓடுவது கடினம், எட்டி உதைப்பதும் கடினம். சேறு தடுப்பவனுக்கு நண்பன். பழைய ஸ்கோர்கள் சிறுத்துக் கிடப்பதற்குத் தடுத்தவர்களின் திறமை பாதிக் காரணமென்றால், மண்ணும் மழையும் மீதிக் காரணம். காய்ந்த தரையில் வேகமான அணி ஒன்று வந்தால் என்ன நடக்கும் என்பது அந்த முதல் பாடசாலைப் போட்டிக்கு அடுத்த ஆண்டே தெரிந்தது.

1907 செப்டெம்பரில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் தரித்தது. அதில் இருந்தது நியூசிலாந்திலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த றக்பி அணி. ஏ. எச். பாஸ்கர்வில் என்ற இளைஞர் திரட்டிய அணி அது. சிட்னியில் டலி மெசஞ்சர் என்ற அவுஸ்திரேலிய நட்சத்திரமும் சேர்ந்துகொண்டார். காசுக்கு ஆடப்போகிறார்கள் என்பதற்காக ‘ஓல் கோல்ட்ஸ்’ என்று செய்தித்தாள்கள் அவர்களுக்குப் பட்டம் சூட்டியிருந்தன. அவர்கள் போய்ச் சேரவிருந்தது, பிற்காலத்தில் றக்பி லீக் என்று பெயர் பெற்ற ஆட்டத்துக்கு. 1895இல் இங்கிலாந்தின் வடபகுதியைச் சேர்ந்த 22 கழகங்கள், வேலை நேரத்தை இழந்து ஆட வரும் தொழிலாளிக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று கூறி ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்துபோயின. 1906இல் அவர்கள் அணிக்கு 13 பேர் என்று குறைத்தார்கள். விழுந்தவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடரும் முறையும் அப்போது வந்தது.

கொழும்பில் அந்த நியூசிலாந்து அணி பழைய பதினைந்து பேர் விதியிலேயே இலங்கை அணியுடன் ஒரு போட்டி ஆடியது. 33–6 என்று வென்றது. ட்ரைக்கு 3 புள்ளி இருந்த காலத்தில் 33 என்பது பெருவெள்ளம். கப்பல் புறப்பட்டுப் போனது. றக்பி லீக் இந்தத் தீவில் வேர்விடவில்லை. இலங்கை றக்பிச் சங்கம் அடுத்த ஆண்டு, 1908இல், பதினைந்து பேர் ஆட்டத்துக்காகவே அமைந்தது. ஆனால் அந்தக் கப்பலில் போனவர்கள் வளர்த்தெடுத்த ஆட்டம், ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, வேறொரு வாசல் வழியாகக் கண்டிக்கும் பாடம் சொல்ல வந்தது. அதைப் பின்னர் பார்ப்போம்.

இடைப்பட்ட அரை நூற்றாண்டில் மலைநாட்டு றக்பி என்றால் தோட்டத்துரைமாரின் றக்பிதான். கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தொடங்கியது. டிக்கோயா, மஸ்கெலியாத் துரைமாருக்கு தரவளை மைதானம். திம்புளைக்காரருக்கு ராதெல்ல. ஊவாவுக்குப் பதுளை. தேயிலைக் கொழுந்து எடை போட்டு முடித்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் மைதானத்துக்கு வந்து சேர்வார்கள். ஆளுநர் சேர் ஹியூ கிளிஃபர்டின் மனைவி 1926இல் கொடுத்த கிண்ணம் இன்றும் கிளிஃபர்ட் கிண்ணம் என்ற பெயரோடு ஆடப்படுகிறது. அந்தக் கழக அணிகளில் வெள்ளையர் அல்லாதவருக்கு இடமில்லாததால்தான் 1922இல் கொழும்பில் இலங்கையருக்கென்று சி.ஆர். கழகம் எழுந்தது. தோட்டங்களில் மைதானத்தைச் சுற்றியிருந்த லயங்களில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கோ, கம்பிக்கு வெளியே நின்று பார்க்கும் இடம்தான். மலைநாட்டு றக்பி எத்தனை கால்களை, எத்தனை தோள்களை இப்படி இழந்தது என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பொறுக்காது.

பாடசாலைகளில்தான் எல்லோரும் ஒன்றாக ஆடினார்கள். திரித்துவமும் கொழும்பு ரோயல் கல்லூரியும் 1920இல் முதன்முறை மோதின. 1945இல் ரோயல் அதிபர் ஈ. எல். பிராட்பி ஒரு கேடயம் கொடுத்தார். அதற்கு விதித்த முறை, இந்தக் கட்டுரையின் பொருளுக்கு மிக முக்கியமானது. பிராட்பி கேடயம் ஒரே போட்டியில் தீர்வதில்லை. கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று என இரண்டு போட்டி. இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டித்தான் வெற்றி.

இதன் பலனை மைதானத்தில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். முதல் போட்டியில் பத்துப் புள்ளி பின்னால் நிற்கும் அணி, சாதாரணமாக என்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் மனம் விட்டுவிடும். பிராட்பியில் அப்படி விட முடியாது. அந்த ஐந்து நிமிடத்தில் களைத்துப்போய்க் கொடுக்கும் ஒரு ட்ரை, சில வாரம் கழித்து மற்ற ஊரில் மறுபடி எண்ணப்படும். வென்ற அணிக்கும் அதே கதி. வெற்றி உறுதி என்று வரிசையைத் தளர்த்தினால், அந்தத் தளர்ச்சி இரண்டாம் போட்டியின் கணக்கில் ஏறும். தோற்றுக்கொண்டிருக்கும்போதும் தடுக்க வேண்டும் என்ற பழக்கத்தைக் கண்டிப் பிள்ளைகளுக்குப் போதித்ததில் எந்தப் பயிற்சியாளரையும்விட அந்தக் கூட்டல் கணக்குக்கே பங்கு அதிகம் என்பேன். பிராட்பி பார்க்க வரும் கூட்டம் ஓட்டத்துக்குக் கத்துவது உண்மை. ஆனால் கேடயம் கையை விட்டுப் போன பல தருணங்கள் ஓட்டக்காரனின் திறமையால் வந்தவை அல்ல. ஒரு தோள் தாழவில்லை, ஒரு கால் பின்வாங்கித் திரும்பவில்லை, அதனால் வந்தவை.

1950இல் இன்னொரு விருந்தாளி. நியூசிலாந்து, அவுஸ்திரேலியா சுற்றுப்பயணத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த பிரித்தானிய லயன்ஸ் அணி கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் இலங்கையை 44–6 என்று தோற்கடித்தது. ஐந்து ஆண்டு கழித்து நியூசிலாந்தின் இளையோர் அணி வந்தது. பின்னாளில் றக்பி உலகமே பெயர் சொல்லிய கொலின் மீட்ஸ் அப்போது அந்த அணியில் ஒரு பையன். இப்படியான அணிகளிடம் சிறிய நாட்டு அணிகள் விட்டுக்கொடுக்கும் புள்ளிகளுக்கு ஒரு பொதுவான காரணம் உண்டு. முதல் தாக்குதலை எவரும் தடுத்துவிடுவார்கள். நெஞ்சுரம் அதற்குப் போதும். ஆனால் விழுந்த இடத்திலிருந்து பந்து உடனே வெளியே வந்து, இரண்டாவது அலையும் மூன்றாவது அலையும் அடித்தால்? தன் ஆளைத் தான் பிடிக்கும் முறையில் அப்போது யார் யாருடைய ஆள் என்பதே குழம்பிவிடும். ஒருவன் இரண்டு பேரைப் பார்த்துத் தயங்குவான். அவனுக்கு அடுத்தவன் எவரையும் பிடிக்காமல் நிற்பான்.

விதிகளும் மெல்ல மெல்லத் தடுப்பவனின் வேலையைக் கடினமாக்கின. முன்பெல்லாம் ஸ்க்ரத்தில் பந்து வெளியே வரும்போதே பக்கத்து முன்வரிசைக்காரன் பந்துக்கு நேராக வந்து நின்று எதிரணியின் ஃப்ளை ஹாஃபைக் கழுத்தோடு பிடித்துவிடலாம். 1964இல் அதற்கு முடிவு வந்தது. ஸ்க்ரத்தில் சேராதவர்கள் கடைசிக் காலுக்குப் பின்னால் நிற்க வேண்டும், லைன் அவுட் என்றால் பத்து யார் பின்னால். திடீரென்று பந்து வைத்திருப்பவனுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. 1968இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 1970இல் நிலைத்த இன்னொரு விதி, தன் 25 யார்ப் பகுதிக்கு வெளியிலிருந்து பந்தை நேரே எல்லைக்கு வெளியே உதைத்துத் தப்புவதை மூடியது. களைத்த அணி ஓர் உதையில் ஓய்வு வாங்கிக்கொண்ட காலம் போனது. 1971இல் ட்ரை 4 புள்ளியாகி, 1992இல் 5 ஆனது. ஒரு தவறிய டக்கிளின் விலை ஏறிக்கொண்டே போனது.

அதே பத்தாண்டுகளில் மலைநாட்டின் சமூகமும் மாறியது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுக்குக் கொண்டுபோனது. துரைமார் கப்பலேறினார்கள். தரவளையும் ராதெல்லையும் அமைதியாகின. மலைநாட்டு றக்பியின் மையம் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு இறங்கியது. நித்தவளை மைதானத்தில் கண்டி கழகம் நகரத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது: திரித்துவம், கிங்ஸ்வூட், தர்மராஜ, வித்யார்த்த, புனித சில்வெஸ்டர், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார். 1990களிலிருந்து உள்ளூர் லீக் பட்டமும் கிண்ணமும் கண்டிக்கு வருவது பழக்கமாகிவிட்டது. கிங்ஸ்வூட் பெற்ற பிள்ளையான ஃபாசில் மரிஜா, ஃப்ளை ஹாஃபாக அந்த அணியை நடத்தி, பிற்பாடு அதே கழகத்தின் பயிற்சியாளராகவும் வந்தார். பிளேஸ் நட்ட விதை நூறாண்டு கழித்து ஒரு முஸ்லிம் இளைஞனின் கையில் காய்த்தது என்பதில் இந்த நகரத்துக்குப் பெருமைப்பட உரிமை உண்டு.

கண்டி கழகத்தின் பாணி எல்லோருக்கும் தெரிந்தது. பந்து கிடைத்தால் ஓடு, கை மாற்று, மறுபடி ஓடு. பார்க்க அழகான ஆட்டம். ஆனால் அந்த அழகுக்கு ஒரு விலை இருந்தது. ஓட்டத்தை நம்பும் அணி தன் பின்வரிசையை அகல விரித்து நிறுத்தும். பந்து கை நழுவினால் அந்த விரிப்பே ஓட்டையாகிவிடும். எதிரணி நழுவிய பந்தை எடுக்கும் அந்த நொடியில் தடுப்பு வரிசை என்று ஒன்று இருக்காது, முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும் ஆட்கள்தான் இருப்பார்கள். உள்ளூர்ப் போட்டிகளில் நான்கு ட்ரை கொடுத்து ஆறு ட்ரை எடுத்தால் வெற்றிதான். அதனால் கொடுத்த நான்கைப் பற்றிப் பேச எவருக்கும் நேரமில்லை.

தொண்ணூறு ஆண்டு முன்னால் கொழும்பைக் கடந்து போன ஆட்டம் இங்கேதான் திரும்பி வருகிறது. றக்பி லீக்கில் விழுந்தவனைச் சுற்றிப் பந்துக்காகப் பிடுங்கல் இல்லை. ஒவ்வொரு முறை விழுத்திய பிறகும் தடுக்கும் அணி பின்வாங்கி மறுபடி வரிசையாக நிற்க வேண்டும். இன்று அந்தத் தூரம் பத்து மீற்றர். 1966இல் நான்கு முறை, 1972இல் ஆறு முறை என்று தாக்குதலுக்கு வரம்பு வந்தது. ஆறு முறை விழுத்து, ஆறு முறை ஓடிப் பின்வாங்கு, ஆறு முறை நிமிர்ந்து நில். இந்த ஓயாத உழைப்பில் லீக் அணிகள் தடுப்பாட்டத்தை ஒரு தனிப் படிப்பாகவே வளர்த்துவிட்டன. எங்கே உடையும் என்பதும் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. பெருத்த முன்வரிசைக்காரன் பத்து மீற்றர் பின்வாங்க முடியாமல் இரண்டு அடி முன்னால் நின்றுவிட்டால் அவனுக்குப் பக்கத்து இடைவெளி. விழுந்தவனை மெதுவாக எழவிடத் தவறினால் அடுத்த தாக்குதலுக்கு வரிசை தயாராகாது. எல்லாவற்றையும்விட, ஓரங்களில் நிற்கும் சென்டருக்கும் விங்குக்கும் இடையிலுள்ள அந்தச் சில யார்.

1995 ஆகஸ்டில் பதினைந்து பேர் ஆட்டமும் சம்பள ஆட்டமானது. கதவு திறந்ததும் லீக்கின் ஆசிரியர்கள் உள்ளே வந்தார்கள். ஃபில் லார்டர் இங்கிலாந்தின் தடுப்பாட்டப் பயிற்சியாளராகி, 2003 உலகக் கிண்ணம் வரை அணியோடு நின்றார். ஷோன் எட்வர்ட்ஸ் லண்டன் வொஸ்ப்ஸிலும் பிறகு வேல்ஸிலும் பாய்ந்து முன்னேறும் தடுப்பைப் பழக்கினார். எல்லாவற்றிலும் பெரிய சான்று ஜோன் மகல்டன். லீக்கிலிருந்து வந்த அந்த அவுஸ்திரேலியர் தயார்ப்படுத்திய அணி, 1999 உலகக் கிண்ணம் முழுவதிலும் ஒரே ஒரு ட்ரையைத்தான் விட்டுக்கொடுத்தது, அதுவும் ஐக்கிய அமெரிக்காவுக்கு. கிண்ணம் அவுஸ்திரேலியாவுக்கு. தடுப்பாட்டத்தால் உலகக் கிண்ணம் வெல்லலாம் என்பது அதன்பின் எவருக்கும் சந்தேகமில்லை. பயிற்சி நூல்களாகவும் காணொளியாகவும், வெளிநாட்டுப் பயிற்சியாளர்களின் வாய்மொழியாகவும் அந்தப் படிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இலங்கைக்கும் வந்தது.

அந்தப் படிப்பு எதைத் திருத்த வந்தது என்பதைக் கண்டியின் எந்தப் பாடசாலைப் போட்டியிலும் பார்க்கலாம். எதிரணியின் ஃப்ளை ஹாஃப் பந்தைப் பெறுகிறான். அவனுக்கு வெளியே மூன்று பேர், தடுப்பவர்களும் மூன்று பேர். ஆட்கணக்கு சரி. ஆனால் நடுவிலுள்ள சென்டர் துணிச்சலான பையன். பந்து வருமுன்னே தனியே பாய்ந்து விடுகிறான். அவனுக்கு உள்பக்கம் நிற்பவன் இரண்டு எட்டு பின்னால். இப்போது வரிசையில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. ஃப்ளை ஹாஃப் பந்தை அனுப்பாமல், அனுப்புவதுபோல் தோளை மட்டும் திருப்புகிறான். சென்டர் வெற்றிடத்தில் கை வீசுகிறான். விங் என்ன செய்வான்? உள்ளே வந்து உதவினால் வெளியே ஓட்டக்காரன் தனியே நிற்கிறான், வெளியே நின்றால் உள்ளே வழி திறந்து கிடக்கிறது. அரை நொடி தயங்குகிறான். தயங்கிய அந்த அரை நொடியில் குதிகால் தரையில் ஊன்றிவிடுகிறது. அதன்பிறகு எவ்வளவு வேகமானவனாலும் பிடிக்க முடியாது. கரையில் நிற்கும் கூட்டம் விங்கைத் திட்டும். தவறு நடந்தது விங்குக்கு இரண்டு ஆள் உள்ளே, இரண்டு நொடி முன்னால்.

முன்னேறுவதென்றால் எல்லோரும் ஒன்றாக முன்னேற வேண்டும், பக்கத்தில் இருப்பவனின் இடுப்பைப் பார்த்து, அவனுடைய குரலைக் கேட்டு. லீக்கிலிருந்து வந்த பாடத்தின் சாரம் இதுதான். பேசாத வரிசை உடையும். பாடசாலைப் பையன்களிடம் பழக்க மிகக் கடினமானதும் அந்தப் பேச்சுதான். களைத்த பையன் முதலில் நிறுத்துவது ஓட்டத்தை அல்ல, கூப்பிடுவதை.

பழைய கண்டி இராச்சியத்தின் போர்முறையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அந்த இராச்சியம் எதிரியை எல்லையில் நிறுத்தப் பெரிதாக முயன்றதில்லை. காட்டுக்குள்ளும் கணவாய்க்குள்ளும் வரவிட்டு, பின்னால் வழியை அடைத்தது. 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கீசப் படைகள் அப்படியே அழிந்தன. 1803 ஜூனில் மேஜர் டேவியின் ஆங்கிலப் படை, பெருகிய மகாவலியைக் கடக்க முடியாமல் வட்டபுளுவையில் சிக்கியது. இதே நகரம் பெற்ற றக்பி வீரர்களுக்கு அந்த வசதி கிடையாது. உள்ளே விட்டால் அடைப்பதற்குக் காடில்லை. ஒரு ஃபுல் பேக், அவனுக்குப் பின்னால் வெள்ளைக் கோடு. ஆனாலும் உடைந்த பிறகு திரும்பி ஓடிப் பிடிக்கும் கலையில் கண்டிப் பையன்கள் என்றும் சிறந்தவர்கள். மைதானத்தின் மறுகோடியிலிருந்து குறுக்கே ஓடி வந்து, எல்லைக்கொடியோடு சேர்த்து எதிராளியை வெளியே தள்ளும் காட்சிக்கு நித்தவளை எழுந்து நின்று கைதட்டும். அந்தக் கைதட்டலில் எனக்கு எப்போதும் ஒரு வருத்தமும் கலந்திருக்கும். ஏனென்றால் அந்த ஓட்டம் தேவைப்பட்டதே வரிசை உடைந்ததால்.

ஓடிப் பிடிப்பதை மட்டும் நம்பினால் மேல்நிலை ஆட்டத்தில் என்ன ஆகும் என்பதை 2014 மே மாதம் காட்டியது. முந்தைய ஆண்டு அதற்கு அடுத்த மட்டமான ‘டிவிஷன் 1’ பிரிவில் வென்று ஆசியாவின் முதல் ஐந்து நாடுகளுக்குள் ஏறியிருந்தது இலங்கை. மே 3இல் பிலிப்பைன்ஸுக்கு எதிராக 99–10 என்று வென்ற ஜப்பான், ஒரு வாரம் கழித்து நகோயாவில் இலங்கையை 132–10 என்று வீழ்த்தியது. அந்த ஜப்பானை எளிதாக எடைபோட முடியாது. எடி ஜோன்ஸ் பயிற்றுவித்த அந்த அணி அடுத்த ஆண்டு உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவையே 34–32 என்று சாய்த்தது. ஆனாலும் 132 என்பது எதிரியின் திறமையால் மட்டும் வரும் எண் அல்ல. ஜப்பான் ஒரு தாக்குதலில் எட்டு, பத்து முறை பந்தை வெளியே எடுக்கப் பழகியிருந்தது. நமது உள்ளூர் லீக்கில் மூன்றாவது முறையிலேயே பந்து நழுவும், அல்லது உதைபடும். நான்காவது அலையைத் தடுக்க வேண்டிய தேவையே வாரக்கணக்கில் வராத அணி, ஒரு நாள் திடீரென்று பத்தாவது அலையைச் சந்தித்தால் வரிசை எங்கே இருக்கும்? 1907இல் 33, 1950இல் 44, 2014இல் 132. ட்ரையின் மதிப்பு மாறியதைக் கழித்துப் பார்த்தாலும், வெளியே தடுப்பாட்டமும் தாக்குதலும் வளர்ந்த வேகத்துக்கு நாம் வளரவில்லை என்பதை மறுக்க முடியாது.

இதற்குக் கண்டிப் பிள்ளைகளின் உடலையோ மனதையோ குறை சொல்வது அநியாயம். பதின்மூன்று வயதில் தொடங்கி ஒரு பாடசாலைப் பையன் செலவழிக்கும் பயிற்சி நேரத்தில் பெரும்பங்கு கையிலே பந்தோடுதான் போகிறது. பைகளைக் கட்டித் தொங்கவிட்டு மோதுகிறார்கள்தான். பை நகராது, பேசாது, தோளைத் திருப்பி ஏமாற்றாது. பாடசாலையின் பரிசளிப்பு விழாவில் அதிக ட்ரைக்குப் பரிசு இருக்கும். அதிக டக்கிளுக்குப் பரிசு கொடுக்கும் பாடசாலை அருமை. போட்டி அறிக்கை எழுதும் நாங்களும் குற்றத்தில் பங்காளிகள். எண்பது நிமிடத்தில் இருபது முறை எதிராளியை விழுத்திய ஃப்ளாங்கரின் பெயரை விட்டுவிட்டு, கடைசிப் பந்தை வாங்கிக் கோட்டைத் தாண்டியவனைத் தலைப்பில் வைக்கிறோம்.

இப்போது உலக விதி மறுபடியும் மாறிக்கொண்டிருக்கிறது. தலையில் படும் அடியின் ஆபத்தை மருத்துவம் எடுத்துச் சொன்ன பிறகு, 2017இலிருந்து தலையைத் தொடும் டக்கிளுக்குத் தண்டனை கடுமையானது. பிரான்ஸ் 2019இல் சாதாரணக் கழக ஆட்டங்களில் இடுப்புக்குக் கீழேதான் பிடிக்கலாம் என்றது. 2023இல் உலக றக்பி அமைப்பு எல்லா நாடுகளின் கழக ஆட்டத்திலும் மார்பெலும்புக்குக் கீழ் என்ற எல்லையைப் பரீட்சித்துப் பார்க்கச் சொன்னது. லீக்கிலிருந்து கற்ற நெஞ்சுயர மோதல், பந்தையும் ஆளையும் சேர்த்து அணைக்கும் முறை, இனி எல்லா இடத்திலும் செல்லாது. தோளைத் தாழ்த்தி, தலையை எதிராளியின் இடுப்புக்குப் பின்னால் வைத்து, இரண்டு தொடைகளையும் சேர்த்துக் கட்டும் அந்தப் பழைய டக்கிளுக்கு மறுபடி வேலை வந்திருக்கிறது. அதைப் பழக்கத் தெரிந்த முன்னாள் வீரர்கள் கண்டியில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அடுத்த பருவத்துக்கு முன்னால் பதின்மூன்று வயதுப் பிரிவிலிருந்தே அவர்களைப் பாடசாலைகள் மைதானத்துக்கு அழைக்க வேண்டும். உயரப் பிடித்தே பழகிய பையன் மேல்நிலை ஆட்டத்தில் முதல் கால்மணி நேரத்துக்குள் மஞ்சள் அட்டை வாங்குவான். அவன் வெளியே இருக்கும் பத்து நிமிடமும் பதினான்கு பேர் பதினைந்து பேரின் அகலத்தைக் காக்க வேண்டியிருக்கும்.